வரவேற்பில் வாழ்ந்த காஜா பெராங்

ஒரு தேசம் சுதந்திரம் அடைந்தால் அதற்கு ஒரு கொடி வேண்டும், ஒரு கீதம் வேண்டும், ஒரு திட்டம் வேண்டும். முதல் இரண்டும் மலாயாவுக்கு மெர்டேக்காவோடு கிடைத்துவிட்டன. மூன்றாவதைத் தயாரிப்பதற்காகக் கோலாலம்பூரில் ஏராளமான பேர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எழுந்திருப்பதற்குள் திட்டம் என்ற சொல் மட்டும் பஸ் ஏறி மலாக்காவுக்கு வந்துவிட்டது. வந்த வேகத்தில் அது நாகரிகமாகவும் ஆகிவிட்டது. கூரை ஒழுகிய கோப்பிக் கடைக்காரர், "ஓடு மாத்துறது நம்ம அஞ்சாண்டுத் திட்டத்துல இருக்கு" என்றார். மகளுக்கு மாப்பிள்ளை தேடாத தகப்பன்மார் திட்டம் தீட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். முன்பெல்லாம் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர்.

அந்த மலாக்காவின் காஜா பெராங்கில் இருந்த ஒரு சந்துக்குத் திட்டம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பாலம் தேவைப்பட்டது. சந்துக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவே லோங்காங் என்ற வடிகால் ஓடியது. ஏதோ வாசல் சாக்கடை என்று நினைத்துவிட வேண்டாம். மழைக்காலத்தில் எருமை இறங்கினால் கழுத்துதான் தெரியும். அதன்மேல் ஜப்பான்காரன் காலத்தில் போட்ட பலகைப் பாலம் ஒன்று இருந்தது. போன மழையில் அதன் நடுப்பலகைகள் தண்ணீரோடு போய்விட்டன. மிச்சமிருந்த ஓரப் பலகையில் ஆட்கள் கையை விரித்துக்கொண்டு நடந்தார்கள். வண்டி நடக்குமா?

இதில் அதிகம் அடிபட்டவர் சுப்பையன். சந்தின் கோடி வீட்டில் அவர் வாடகைக்கு விட வைத்திருந்தது ஒரு கூட்டம் மடக்கு நாற்காலிகள், பந்தல் சாமான்கள், மாப்பிள்ளை பெண் உட்காரச் சிவப்பு மெத்தை வைத்த சோபா ஒன்று, அப்புறம் காளை மாதிரி கத்துகிற ஒரு மைக்செட். இதையெல்லாம் தள்ளுவண்டியில் ஏற்றி அவர் போகாத கல்யாணம் அந்த வட்டாரத்தில் கிடையாது. பாலம் போன பிறகு நாற்காலிகளைத் தலையில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. சோபா கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டது. பக்கத்து ஊரான புக்கிட் காதில்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, லோரி வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கே முதலாளியிடம் போய்விட்டார்கள். இன்னொரு மழைக்காலம் இப்படியே போனால் அடுப்பில் பூனை தூங்கும் என்று சுப்பையனுக்குத் தெரியும். அவர் மனைவி பொன்னம்மாவுக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

அந்தச் சந்தின் நலனைக் கவனிக்க ஒரு முன்னேற்றச் சங்கம் இருந்தது. அதன் தலைவர் மாணிக்கவாசகம், ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கோட்டு போடாமல் கோழிக்குத் தீனி போடமாட்டார். அவர் பாலம் கேட்டு ஓர் அரசாங்கக் காரியாலயத்துக்குப் போய்விட்டு முகம் மலரத் திரும்பி வந்தார்.

"சுப்பையா, பாலத்துக்கு ஒதுக்கீடு கிடையாதாம்."

"அதுக்கா தலைவரே சிரிக்கிறீங்க?"

"முழுசாக் கேளு. சிறுபட்டணங்கள் தங்கள் உள்ளூர்ப் பொருளாதாரத்தைத் தாங்களே திட்டமிட்டு, நிலைத்த முறையில் வளர்த்துக்கொள்ள உதவுவதற்கு ஒதுக்கீடு இருக்காம். அதுக்குன்னே கோலாலம்பூர்ல புதுசா ஒரு காரியாலயம் தெறந்திருக்காங்க."

"அதுல பாலம் வருமா?"

"திட்டத்துல வந்தா பாலமும் வரும். நிபுணர் ஒருத்தர் நேர்ல பார்க்க வர்றார். ஜெயபாலன்னு பேரு. லண்டன்ல படிச்சவர்."

நிபுணர் வருகிறார் என்றதும் பாலம் இரண்டாம்பட்சமாகிவிட்டது. வருகிற பெரிய மனிதருக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் கொடுத்து, மேளம் கொட்டி, கண்ணாடிச் சட்டம் போட்ட வரவேற்பு மடல் வாசித்து அனுப்பாவிட்டால் காஜா பெராங் தமிழர்களுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ஆரம்பப் பள்ளிக்கு ஊசி போட வந்த கம்பவுண்டருக்கே வாழைமரம் கட்டியவர்கள். லண்டனில் படித்தவரை விடுவார்களா?

ரோட்டோரத்தில், பாலத்தின் தலைமாட்டிலேயே பந்தல் போட்டார்கள். உயரமாக ஒரு தோரண வாசல் எழுந்தது. சுப்பையன் நாற்காலிகளைத் தலைச்சுமையாய்க் கொண்டுவந்து போட்டார். சோபாவை நாலு பேர் லோங்காங்கில் இறங்கித் தூக்கி வந்தார்கள். கடைசியில் மாணிக்கவாசகம் சுற்றும் முற்றும் பார்த்தார். ஒரு குறை அவர் கண்ணில் பட்டது.

"அந்த உடைஞ்ச பாலம் அசிங்கமாத் தெரியுதே. பெரிய மனுஷர் வர்ற நேரத்துல அதுவா கண்ணுல படணும்? தென்னங்கீத்து வச்சு மறைச்சிடுங்க."

பொன்னம்மா அக்கரையில் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். "ஏங்க, அவரு பாக்க வர்றதே இந்தப் பாலத்தத்தானே? அதையே மறைச்சா அப்புறம் எதப் பாப்பாரு?" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"பொம்பளைங்களுக்குச் சபை மரியாதை தெரியாதும்மா" என்றார் மாணிக்கவாசகம்.

கீற்று வைத்தாயிற்று. அதன்மேல் காகிதப் பூவும் ஒட்டியாயிற்று.

ஜெயபாலன் கறுப்புக் கண்ணாடியும் தோல் பையுமாகக் காரிலிருந்து இறங்கினார். மாலைகள் விழுந்தன. மேளம் காதைப் பிளந்தது. வரவேற்பு மடலில் அவரை அறிவுக்கடல் என்றும், பொருளாதாரப் புலி என்றும், காஜா பெராங்கைக் காக்க வந்த கதிரவன் என்றும் போட்டிருந்தது. பாலம் என்ற சொல்லைச் சேர்க்க இடம் போதவில்லை. மலாய் பேசும் செட்டிகள் வாழும் பக்கத்துச் செட்டிக் கம்பத்துக் குடியிருப்பிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த ஒரு பெண், அவர்கள் வழக்கப்படி மலாயில், "ஜம்பாத்தான் மானா?" என்று கேட்டாள். பாலம் எங்கே என்று அர்த்தம். மாணிக்கவாசகம் அவளுக்கு ஒரு சோடா உடைத்துக் கொடுக்கச் சொன்னார்.

ஜெயபாலன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி எல்லாவற்றையும் கூர்ந்து கவனித்தார். மாலை எங்கே கட்டியது என்று கேட்டார். இங்கேயே என்றார்கள். மேளம்? இங்கேயே. தோரணம்? நாற்காலி? இங்கேயே, இங்கேயே. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"குருபோங் ஊருக்குப் போனேன். ரப்பரும் மாடும்தான் இருக்கின்றன. இங்கே முழுமையான ஓர் உள்ளூர்த் தொழில் இருக்கிறதே! ஒரு சின்ன இடத்தில் மூலப்பொருள், தொழிலாளர், அனுபவம், எல்லாம்! இதை இத்தனை நாள் யாரும் கண்டுபிடிக்கவில்லையா?"

"எந்தத் தொழிலுங்க ஐயா?" என்று மாணிக்கவாசகம் பயந்துபோய்க் கேட்டார்.

"வரவேற்புத் தொழில்!"

கூட்டம் கை தட்டியது. எதற்கென்று தெரியாவிட்டாலும் தட்டவேண்டிய இடம் அதுதான் என்று தெரிந்தது.

சுப்பையன் மட்டும் கூட்டம் கலைகிற நேரத்தில் நிபுணரின் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, ஒரு பாலம்..."

"பாலம் எதற்கு?"

"போக வரத்தாங்க."

"யார் போக?"

"நாங்கதாங்க. நாற்காலிய வண்டியில ஏத்தி புக்கிட் காதில் கல்யாணத்துக்கெல்லாம்..."

"பார்த்தீர்களா! உள்ளூர் நாற்காலி வெளியூர் போகிறது. அது உள்ளூர்ப் பொருளாதாரம் ஆகுமா?"

சுப்பையன் யோசித்துப் பார்த்தார். "வாடகை உள்ளூருக்கு வருங்களே."

"இன்னொன்று. நாங்கள் பாலம் கட்டிக்கொடுத்தால் அது உதவி. உதவியால் வருகிற வளர்ச்சி, உதவி நின்றால் நின்றுவிடும். அப்படியானால் நிலைத்த வளர்ச்சிக்கு நாங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி என்ன?"

"என்னாங்க?"

"உதவாமல் இருப்பது. நீங்களே சம்பாதித்து நீங்களே பாலம் கட்டிக்கொண்டால்தான் அது நிலைக்கும்."

"சம்பாதிக்கத்தாங்க பாலம் கேக்குறோம்."

"அது உங்கள் கோரிக்கையில் இருக்கிற முரண்பாடு. அதற்கு எங்கள் காரியாலயம் பொறுப்பேற்க முடியாது" என்று ஜெயபாலன் அன்போடு சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். மாலைகளில் ஒன்று கதவில் மாட்டிக்கொண்டு லோங்காங் மூலை வரைக்கும் தொங்கிக்கொண்டே போனது.

திட்டம் அடுத்த மாதமே வந்துவிட்டது. பாலம் கேட்டால் வருஷக்கணக்கில் ஆகும், திட்டம் கேட்டால் ஆகாது. இதன்படி காஜா பெராங் ஒரு மாதிரிப் பட்டணம். மற்றச் சிறுபட்டணங்களின் அதிகாரிகள் தங்கள் ஊரை எப்படி வளர்ப்பது என்று கற்றுக்கொள்ளக் கூட்டம் கூட்டமாக வந்து இதைப் பார்வையிடுவார்கள். வருகிறவர்களைக் காஜா பெராங் வரவேற்கும். வரவேற்க வரவேற்க மாலை விற்கும், மேளம் பிழைக்கும், நாற்காலி வாடகைக்குப் போகும், ஊர் வளரும். ஊர் வளர்வதைப் பார்க்க இன்னும் அதிகப் பேர் வருவார்கள்.

இதற்குப் பணம்? அதையும் நிபுணர் யோசித்திருந்தார். வரவேற்பினால் பயனடைகிறவர்களே வரவேற்பு நிதிக்குக் கொடுப்பார்கள். அந்த நிதியிலிருந்து அவர்களுக்குக் கூலி கிடைக்கும். வெளியாரிடம் கை நீட்டத் தேவையே இல்லை.

முதல் வரவேற்பு முடிந்ததும் சுப்பையன் சங்கத்தில் நாற்காலி வாடகையை வாங்கிக்கொண்டு வாசற்படி தாண்டினார். அங்கே மாணிக்கவாசகம் உண்டியலோடு நின்றார். சுப்பையன் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார்.

"இந்தக் கையில வாங்கி அந்தக் கையில குடுத்துட்டு வர்றீங்க" என்றாள் பொன்னம்மா. "நடுவுல நம்ம நாற்காலிக் காலு மட்டும் ஒடையுது."

"அதுக்குப் பேருதான் சுயநிதியாம்."

"நல்ல பேரா வச்சிருக்காங்க. அரிசிக் கடையில அந்தப் பேரச் சொன்னா அரிசி போடுவானா, கேட்டுட்டு வாங்க."

அதிகாரிகள் வந்தார்கள். பத்து பகாட்டிலிருந்து வந்தார்கள், மூவாரிலிருந்து வந்தார்கள், எங்கே இருக்கிறதென்று மாணிக்கவாசகத்துக்கே தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். வந்தவர்கள் வரவேற்கப்பட்டதோடு நிற்காமல் வழியனுப்பவும் பட்டார்கள். அது தொழிலின் இரண்டாவது பிரிவு. பதவிக்குத் தகுந்தபடி மாலையின் பருமனுக்கு ஒரு வரையறை ஏற்பட்டது. உதவி அதிகாரி ஒருவருக்குப் பெரிய அதிகாரியின் மாலை விழுந்துவிட, அவர் அதைக் கழற்ற மறுக்க, பெரியவர் கோபித்துக்கொண்டு காருக்குப் போய்விட, சங்கம் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டது. அந்த மன்னிப்புக்கும் ஒரு பந்தல் போட்டார்கள்.

மழைக்காலத்தில் யாரும் வரவில்லை. தொழில் படுத்துவிடக்கூடாதே என்று காஜா பெராங்காரர்கள் முறை வைத்து ஒருவரை ஒருவர் வரவேற்றுக்கொண்டார்கள். காலையில் பார்த்த மனிதரையே மாலையில் மேளத்தோடு எதிர்கொண்டு, "தங்கள் வருகையால் இந்த மண் பெருமையடைந்தது" என்று வாசித்தார்கள். அவரும் கண்கலங்கிப்போய் வணங்கினார்.

நாற்காலிகள் பந்தலைவிட்டு நகரவே இல்லை. மிஞ்சியிருந்த ஒன்றிரண்டு கல்யாண வீட்டாரும் சுப்பையனிடம் கேட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மேடை சற்றுத் தாழ்வாக இருப்பதாக யாரோ ஓர் அதிகாரி சொல்ல, பாலத்தில் மிச்சமிருந்த ஓரப் பலகையையும் தற்காலிகமாகக் கழற்றி மேடையில் அடித்தார்கள். அன்றிலிருந்து சந்துக்காரர்கள் புடவையையும் கைலியையும் தூக்கிக் கட்டிக்கொண்டு லோங்காங்கில் இறங்கி ஏறினார்கள். தலைக்குமேல் ஒரு துணிப் பதாகை ஆடியது. 'தன்காலில் நிற்கும் காஜா பெராங்' என்று அதில் எழுதியிருந்தது. முழங்காலளவு தண்ணீரில் நின்று பார்த்தால்தான் அது முழுதும் தெரியும்.

கடனில்லாமல் பிழைத்த சுப்பையன் இப்போது அரிசிக் கடைப் பக்கம் போகாமல் சுற்றி நடந்தார். எப்படியும் பாலம் கேட்டே தீருவது, இனி யாருக்கும் வளைந்து கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார்.

அந்த நேரம் பார்த்து, யாரும் கூப்பிடாமல் ஒரு லோரி வந்து நின்றது. அதிலிருந்து குதித்தவர் ரோட்டு வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் விநாயகம். காக்கிக் கால்சட்டை, வாயில் வெற்றிலை. மாலையில்லாமல் காஜா பெராங்கில் காலடி வைத்த முதல் அரசாங்க மனிதர் அவர்தான்.

"வேற எடத்து வேலையில கட்டையும் சிமெண்டும் மிஞ்சிப்போச்சு. துரை உத்தரவு போட்டுட்டாரு, எங்க பாலம் இல்லியோ அங்க போட்டுடுன்னு. ரெண்டு நாள் வேலை. இந்தப் பந்தலக் கொஞ்சம் பிரிச்சிக்கங்க, நடுவழியில நிக்குது. லோரி பின்னால வரணும்லா."

சந்தே ஓடி வந்தது. சுப்பையன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாணிக்கவாசகத்துக்கும் வந்தது, வேறு காரணத்துக்கு.

"மண்டோரே, நாளைக்கு மாபெரும் விழா! ஜெயபாலன் ஐயாவே வர்றார். சிறந்த சிறுபட்டணம்னு கேடயம் குடுக்கிறார். பந்தலப் பிரிச்சிட்டு அவரை எங்க வரவேற்கிறது? நாலு நாள் கழிச்சு வாங்களேன்."

"நாலு நாள் கழிச்சா இந்தச் சாமான் இருக்காது. புக்கிட் காதில்காரன் காத்துக்கிட்டு இருக்கான். இப்பச் சொல்லுங்க."

சங்கம் பந்தலிலேயே அவசரமாகக் கூடியது. "பேசுங்க, பேசுங்க" என்று பொன்னம்மா புருஷனின் முதுகைத் தள்ளினாள். சுப்பையன் எழுந்து தொண்டையைச் செருமினார். மாணிக்கவாசகம் அவர் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துக்கொண்டு போனார்.

"சுப்பையா, ரகசியமா வச்சிருந்தேன், இப்பச் சொல்லிடறேன். நாளைக்கு மேடையில உனக்கும் ஒரு மாலை. உள்ளூர்த் தொழிலதிபர்னு போட்டிருக்கு. ஐயாவுக்குப் பக்கத்துல, அந்தச் சோபாவுல, நீ உக்கார்ற. மைக்குல நீ ரெண்டு வார்த்தை பேசுற."

சுப்பையன் அந்தச் சோபாவைத் திரும்பிப் பார்த்தார். எத்தனையோ மாப்பிள்ளைகளும் அதிகாரிகளும் உட்கார்ந்து எழுந்த சோபா. தூசி தட்டியிருக்கிறார், தூக்கிச் சுமந்திருக்கிறார். ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. ஆயிரம் நாற்காலி விரித்துப் போட்டுவிட்டு மைக் கம்பத்துக்குப் பின்னால் நின்றே சாப்பிட்டுவிட்டு வந்த மனிதர் அவர். அவருக்கும் ஒருநாள் அதில் உட்கார ஆசை வந்தது. அந்த ஆசை வெட்கப்பட வேண்டிய ஆசை என்று யாராவது சொன்னால், சொல்கிறவர் மேடையில் உட்கார்ந்து பழகியவராகத்தான் இருப்பார்.

மேடையிலேயே பாலத்தைக் கேட்டுவிடலாமே என்று மனம் ஒரு சமாதானமும் சொன்னது. மண்டோரிடம் கேட்பதைவிட நிபுணரிடம், அதுவும் மைக்கில், கேட்டால் அதன் மதிப்பே வேறல்லவா?

"விழா முடியட்டும்" என்றார் சுப்பையன் சபையைப் பார்த்து. எல்லாருக்கும் நாளைக்கு ஏதோ ஒரு வேலை, ஏதோ ஒரு மாலை இருந்தது. எல்லாக் கையும் உயர்ந்தது. லோரி திரும்பிப் புக்கிட் காதிலுக்குப் போனது. பொன்னம்மா லோங்காங்கில் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் விழா பிரமாதமாக நடந்தது. மழை பெய்து லோங்காங் இடுப்பளவு ஓடியதால் சந்துப் பெண்கள் வர முடியவில்லை. அவர்களுக்குக் கேட்கட்டும் என்று மைக்செட்டின் ஊதுகுழலைத் தென்னைமரத்தில் அக்கரை பார்த்துக் கட்டியிருந்தார்கள். சுப்பையன் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில், சோபாவில் உட்கார்ந்தார். மெத்தை அவர் நினைத்திருந்ததைவிடச் சற்றுப் பள்ளமாக இருந்தது. இருந்தாலும் சுகமாகத்தான் இருந்தது. மாலை மோவாய் வரைக்கும் வந்தது.

ஜெயபாலன் பேசினார். "காஜா பெராங்குக்கு அரசாங்கம் ஒரு கல்கூடத் தந்ததில்லை. ஒரு பலகைகூடத் தந்ததில்லை. இருந்தும் இந்த மக்கள் தளர்ந்தார்களா? இதைவிட நிலைத்த வளர்ச்சி உலகத்தில் எங்கே இருக்கிறது? இந்த ஊர் வளர்ந்துவிட்டபடியால், வளராத ஊர்களுக்கான பட்டியலிலிருந்து இன்றோடு இதை மகிழ்ச்சியுடன் நீக்குகிறேன்!"

கரகோஷம் வானத்தைத் தொட்டது. அவர் சோபாப் பக்கம் திரும்பினார்.

"உள்ளூர்த் தொழிலதிபர் அவர்களே! இந்த மக்களுக்கு இன்னும் ஏதாவது தேவை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். இன்றைக்கு நான் மறுக்கமாட்டேன்."

மைக் சுப்பையன் கைக்கு வந்தது. அவர் எழுந்தார். எதிரே அவருடைய நாற்காலிகள், அத்தனையிலும் ஆட்கள், அத்தனை கண்களும் அவர்மேல். பாலம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மாலை போட்டவரிடம் போய், போட்ட கையோடு, குறை சொல்வதா? மனிதர் எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறார்! காஜா பெராங்கில் பிறந்து வளர்ந்த வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஐயா வந்ததே எங்களுக்குப் போதுங்க" என்றார் சுப்பையன். "வேற ஒண்ணும் வேணாம்."

ஊதுகுழல் அதை அக்கரைவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

எல்லாரும் போன பிறகு சுப்பையன் முதல் நடைக்குரிய நாற்காலிகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். மாலையைக் கழற்ற மனம் வரவில்லை. அக்கரையில் பொன்னம்மா நின்றிருந்தாள். கை நீட்டி நாற்காலிகளை ஒவ்வொன்றாக வாங்கி வைத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கரையேறி நின்றார்.

"திட்டு" என்றார்.

"எந்த வாயால திட்ட?" என்றாள் பொன்னம்மா. "ஸ்பீக்கர்ல உங்க குரலு கேட்டுச்சா, நானும்தான் சேந்து கை தட்டிட்டேன்."